முப்பத்தேழில் ஆறு

யேசுரத்தினம் மகளை ஒருமுறைகூடக் கை நீட்டி அடித்தவர் அல்ல. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மாலை, மடியில் கிடந்த வலையை உதறிவிட்டு அவர் எழுந்த வேகத்தைப் பார்த்தபோது, அடித்துவிடுவார் என்றே மனைவி வேளாங்கண்ணிக்குத் தோன்றியது. அடுப்பில் மரச்சீனிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. வடிக்க எடுத்த துணியைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்து கணவனுக்கும் மகளுக்கும் நடுவில் நின்றாள்.

“நீ மாறி நில்லு. அவ வாசிக்கட்டு. அந்த நாலாவது கேள்விய இன்னொருக்க வாசிட்டி.”

ரெஜிஷா கையிலிருந்த தாளைப் பார்த்து வாசித்தாள். பத்தாம் வகுப்பில் ஜூன் மாதம் இருந்த மாணவர்கள் எத்தனை பேர்? ஏப்ரலில் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர்? இடையில் போனவர்கள் எதனால் போனார்கள்?

“இத வேற ஆருட்டயெல்லாம் கேட்ட?”

“மரியஜான் சார்ட்ட மட்டும்தான்பா.”

“அந்த ஒரு எடம் போதும் நம்ம சோத்துல மண்ணு விழ.”

ஆனி மாதம். மூன்று நாளாகக் கடல் புன்னைத்துறையின் கரைச்சுவரை ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. வள்ளங்களை மேட்டில் ஏற்றி வைத்துவிட்டு ஆண்கள் வீடுகளில் அடைந்து கிடந்தார்கள். சாரலில் துணி காயவில்லை, கருவாடு காயவில்லை. இப்படிப்பட்ட நாட்களில் ஊரில் எந்தச் செய்தியும் தலைவாசலோடு நிற்காது. தலைமையாசிரியர் மரியஜான் மதியம் ரெஜிஷாவிடம் பேசியது சாயங்காலத்துக்குள் யேசுரத்தினத்தின் காதுக்கு வந்துவிட்டது.

ரெஜிஷா தக்கலைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எட். இரண்டாம் வருடம் படித்தாள். வெற்றி பெற்ற ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள், அது எதனால் வென்றது என்று கண்டுபிடிக்க ஒரு ஆய்வுத் திட்டம் எழுதுங்கள் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். ஆய்வு பிறகு, செவ்வாய்க்கிழமைக்குள் திட்டம் மட்டும் வந்தால் போதும், பள்ளித் தலைமையாசிரியரின் கையெழுத்தோடு. ரெஜிஷாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவள் படித்த பங்குப் பள்ளிக்கூடம் ஏழு வருடமாகப் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு. முதல் நூறு வந்த வருடம் அவளுடைய வருடம். முச்சந்தியில் கட்டிய பேனரில், புனிதரின் படத்துக்குக் கீழே, மூன்றாவது வரிசையில் அவள் முகமும் இருந்தது.

திட்டத்துக்காகப் பழைய படங்களைத் தேடியபோதுதான் அது கண்ணில் பட்டது. ஜூலையில் எடுத்த வகுப்புப் படத்தில் முப்பத்தேழு பேர். பேனரில் முப்பத்தொன்று. இரண்டையும் செல்போனில் பெரிதாக்கி விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். விட்டுப்போன ஆறு முகங்களில் முதல் முகம் பிரிஜாவுடையது. ஆறாம் வகுப்பு முதல் ஒரே பெஞ்சில் பக்கத்தில் இருந்தவள். அவளுக்குப் படிப்பு வரவில்லை, நின்றுவிட்டாள் என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னதை ரெஜிஷாவும் நம்பினாள். இத்தனை வருடத்தில் அதை ஒருமுறைகூட எடுத்துப் பார்க்கவில்லை. அன்று இரவு உட்கார்ந்து நாலாவது கேள்வியை எழுதினாள்.

மரியஜான் சார் அவளை அன்போடுதான் வரவேற்றார். தேயிலை வரவழைத்தார். மாலை வகுப்பு, வாரத்தேர்வு, தாய்மார் கூட்டம், விடியற்காலை செபத்துக்குப் பின் கணக்கு என்று வெற்றிக்கான காரணங்களை விரல் மடக்கிச் சொன்னார். ஒவ்வொன்றும் உண்மைதான், அவற்றுக்காக அவர் உழைத்ததும் உண்மைதான். பிறகு தாளை வாங்கிப் படித்தார். நாலாவது கேள்விக்கு வந்ததும் தம்ளரை மேசையில் வைத்தார். இதை யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். யாருமில்லை என்றாள். அதை அடித்துவிட்டுக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். எழுந்து அவள் வெளியே வரும்போது, அடுத்த மே மாதம் சமூக அறிவியல் டீச்சர் ஓய்வு பெறுவதை அவளுக்கு ஞாபகப்படுத்தினார்.

அந்த இடத்துக்காகத்தான் யேசுரத்தினம் ஒன்றரை வருடமாக நடந்துகொண்டிருந்தார். அரசுச் சம்பளம், வீட்டுக்கு எதிரே பள்ளிக்கூடம். ஆளைத் தேர்ந்தெடுப்பது பங்குச்சாமியாரும் பங்குப்பேரவையும். பேரவைக்காரர்களின் வீட்டு ஞானஸ்நானம், கல்யாணம், துக்கம் ஒன்றையும் அவர் விட்டதில்லை. நல்ல நெய்மீன் பட்டால் ஏலத்துக்குப் போகும்முன் ஒன்று அவர்களில் ஒருவர் வீட்டுக்குப் போகும். இடம் ஏறக்குறைய உறுதியாகிவிட்டது என்று போன மாதம்தான் சொல்லியிருந்தார்கள்.

“ஒரு வரிய வெட்டுனா போதும்,” என்றார் இப்போது. “ஒத்த வரி. கை ஒடிஞ்சிருமா?”

ரெஜிஷா தாளை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். அவர் கிழங்கும் வேண்டாம் மீனும் வேண்டாம் என்று மழையில் இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் அவள் பிரிஜாவின் வீட்டுக்குப் போனாள். சர்ச்சுக்குப் பின்னால் நாலு வீடு தள்ளித்தான். ஆனாலும் அந்த வாசலில் அவள் கால் வைத்து ஏழு வருடம் ஆகியிருந்தது. பிரிஜாவின் அம்மா ராகேல் முற்றத்தில் சாளை அறுத்துக்கொண்டிருந்தாள். செதில் ஒட்டிய கையோடு நிமிர்ந்து பார்த்தாள்.

“எதுக்கு வந்த?”

பிரிஜாவைப் பார்க்க வேண்டும் என்றாள் ரெஜிஷா. படிப்பு விஷயமாக ஒன்று கேட்கவேண்டும் என்றும் சொன்னாள்.

“படிப்பு விசயமா? அண்டி ஆபீசுல ஒரு நாளக்கி எத்தன கிலோ முந்திரி அண்டிய தல்லி ஒடைக்கலாம்னு கேக்கியா? அதுதான் எம்மவ படிச்ச படிப்பு.”

“மாமி, பள்ளிக்கூடத்துலருந்து அவள எதுக்கு நிறுத்தினாங்கன்னு…”

“என்னையக் களியாக்கிச் சிரிக்காத கேட்டியா. நிறுத்தினது ஆருன்னு ஒனக்குத் தெரியாதா?”

ராகேல் கத்தியைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் கேட்பதற்கு எளிதாக இருந்திருக்கும்.

“நவம்பர் மாசம் என்னைய கூப்பிட்டுவிட்டாவ. பிள்ளைய நீங்களா கூட்டிட்டுப் போறீங்கன்னு எழுதித் தரணும்னு சொன்னாவ. மேசையில ஒரு லிஸ்ட்டு கிடந்து. ஆறு பேரு. எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனா அந்தக் கையெழுத்து தெரியும். எனக்கு ரேஷன் கார்டு மனு எழுதித் தந்த கையெழுத்து. குண்டு குண்டா, மணி கோத்த மாரி. ஒன் கையெழுத்துடி. முதப் பேரு எம்மவ பேருன்னு சாரே வாசிச்சுச் சொன்னாரு.”

ரெஜிஷாவுக்கு அந்த நாள் அப்படியே வந்து எதிரே நின்றது. காலாண்டுத் தேர்வு முடிந்திருந்தது. அவள் வகுப்புத் தலைவி. கணக்கில் ரொம்பக் குறைந்தவர்களின் பெயரை எழுதிக்கொண்டு வா, தனியாக மாலை வகுப்பு வைக்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். மாலை வகுப்புக்கு வருகிறவர்களுக்கு அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் உண்டு என்றும் சொன்னார்கள். பிரிஜா காலையில் சாப்பிடாமல் வருகிறவள். கணக்கில் அவளைவிடக் குறைந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். பயறு தீர்ந்துபோகக் கூடாதே என்று ரெஜிஷா பிரிஜாவின் பெயரை முதலில் எழுதினாள்.

அதைத் திக்கித் திக்கிச் சொன்னாள். ராகேல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பயறு, பயறு என்று அந்தச் சொல்லைக் கெட்டுப்போன பண்டத்தைத் துப்புவது போல இரண்டு தரம் சொன்னாள்.

பிரிஜா வாசலுக்கு வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முந்திரி அண்டிப் பாலின் கறை ஏறி அவளுடைய விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்திருந்தன. முகம் மட்டும் பழைய பிரிஜாதான்.

“ஒனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்,” என்றாள். “அம்மைட்ட அப்பவே சொன்னேன். ஆனா இங்கருந்து ஒங்க வீடு எவ்வளவு தூரம்? ஏழு வருசமா நீ வந்து ஒரு வார்த்த கேக்கல்லியே.”

ராகேல் மீன் கழுவிய தண்ணீரை முற்றத்தில் வீசி ஊற்றினாள். அது ரெஜிஷாவின் காலடி வரைக்கும் வந்தது.

நல்ல எண்ணத்தோடு செய்த காரியம்தான். ஆனால் செய்துவிட்டு அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உலகத்தில் பாதித் தீங்குகள் இப்படித் திரும்பிப் பார்க்காததினாலேயே தீங்காகின்றன. ரெஜிஷா வீட்டுக்கு வந்து அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். வேளாங்கண்ணி கேட்டுக்கேட்டு எல்லாவற்றையும் வாங்கினாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் கணவனிடம் பேச்சை எடுத்தாள். ஆறு பேரையும் நிறுத்திய வருடம் அவரும் பேரவையில் இருந்தார், அந்த லிஸ்ட்டைப் பார்த்தாரா என்று கேட்டாள். பார்த்தேன் என்றார். தன் மகள் எழுதியது என்று தெரியுமா? தெரியும். மீன் புளிமுளக் குழம்பில் கிழங்கைத் தொட்டுத் தின்றுகொண்டே சொன்னார். நூறு வராவிட்டால் பிள்ளைகள் எல்லாம் கருங்கல் ஊருக்குப் பக்கத்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு வேன் ஏறிப் போயிருக்கும், பள்ளியை மூட வேண்டி வந்திருக்கும் என்றார். அதுவும் பொய்யில்லை. அந்த வருடம் ஆறாம் வகுப்பில் பதினோரு பேர்தான் சேர்ந்திருந்தார்கள்.

வேளாங்கண்ணி அவர் தட்டில் இன்னொரு துண்டு கிழங்கை வைத்தாள். பிறகு கேட்டாள்:

“ஆன்ட்ரூசு மஞ்சக்காமாலையில ரெண்டு மாசம் கிடந்தப்ப அவனுக்குப் பங்கு வச்சீங்களா இல்லியா?”

“வச்சோம்.”

“கடலுக்கு வராதவனுக்கு எதுக்குப் பங்கு?”

“அவன் நம்ம வள்ளத்துக்காரன். நோவில கிடக்கவனுக்குப் பங்கு உண்டு. அது துறைக்குள்ள நியாயம். தெரியாதது மாரி கேக்க?”

“அப்போ அந்த ஆறு பிள்ளையளும் ஆரு வள்ளம்?”

யேசுரத்தினம் தட்டைத் தள்ளினார். குழம்பு தரையில் சிந்தியது. வள்ளத்தில் பங்கு பிரிப்பவர் அவர்தான். முப்பது வருடத்தில் அவர் பிரித்த பங்கில் ஒருவனும் குறை சொன்னதில்லை. அந்தப் பெருமையில் கை வைத்துவிட்டாள். பள்ளிக்கூடமும் கடலும் ஒன்றா என்று கத்தினார். பொம்பிளைகள் நியாயம் பேசினால் குடும்பம் விளங்காது என்றார். மகள் கையில் வரவேண்டிய வேலையை நீயே தட்டிவிடு, பிறகு சாகும்வரை சந்தைக்கு மீன்சருவம் சும என்றார்.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பேரவைச் செயலர் அறிவிப்பு வாசித்தார். கல்யாண ஓலை இரண்டு, அன்பியக் கூட்டம் ஒன்று. கடைசியாக, நம் பள்ளியில் படித்து ஆளானவர்களே அதன் பெயரைக் கெடுக்கும் வகையில் வீடுவீடாகப் போய் விசாரிப்பதாகத் தெரிகிறது, அப்படிப்பட்டவர்களுக்கு யாரும் ஒத்துழைக்க வேண்டாம் என்று. பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. வேளாங்கண்ணியின் பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் முக்காட்டைச் சரிசெய்கிறதுபோலத் தள்ளி உட்கார்ந்தார்கள். வெளியே வரும்போது ஒருத்தி, காதில் விழவேண்டும் என்றே, படிக்க வைத்தால் இதுதான் என்றாள். நம்ம பிள்ளைகள் வாங்கிய மார்க்கெல்லாம் கள்ளமார்க் என்கிறாளே என்றாள் இன்னொருத்தி. பேனரில் அவள் மகனும் இருந்தான். அவளுக்கு வலிக்கத்தானே செய்யும்.

திங்கட்கிழமை கடல் சற்று அடங்கியது. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் விடியும்போதே நல்ல சாளையும் கொஞ்சம் அயிலையும் இறங்கின. வேளாங்கண்ணி ஏலத்தில் ஒரு பங்கு சாளை எடுத்தாள். ஐஸைத் தட்டிப் போட்டதும் அலுமினியச் சருவம் நிறைந்தது. முப்பது கிலோ இருக்கும். தக்கலைச் சந்தைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் டெம்போ ரோட்டில் நின்றது. இருநூறு அடி தூரம்.

நிறைந்த சருவத்தை ஒருத்தி தானாகத் தலையில் ஏற்ற முடியாது. எதிரே ஒருத்தி நின்று விளிம்பைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். இதை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. சண்டை போட்டுப் பேச்சு முறிந்தவள்கூட வந்து கை கொடுப்பாள், முகத்தைப் பார்க்காமல் தூக்கிவிட்டுப் போவாள். வேளாங்கண்ணி இருபத்தாறு வருடமாக அப்படித் தூக்கிவிட்டிருக்கிறாள், தூக்கிவிடப்பட்டிருக்கிறாள். அன்றைக்கு அவள் சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு குனிந்து நின்றாள். யாரும் வரவில்லை.

பெண்கள் ஒருத்தருக்கொருத்தர் ஏற்றிவிட்டு அவளைத் தாண்டிப் போனார்கள். அவள் நிமிர்ந்து பார்த்தாள். தெரிந்த முகங்கள்தான் எல்லாம். ஒருத்திக்குப் பிரசவத்தில் காவலிருந்திருக்கிறாள். டெம்போக்காரன் ஹாரன் அடித்தான். அவளே முழங்காலில் சருவத்தை அணைத்துத் தூக்கப் பார்த்தாள். சரிந்தது. ஐஸ்தண்ணீர் சேலையெல்லாம் கொட்டியது, பத்திருபது சாளை சிமெண்டுத் தரையில் விழுந்து சிதறியது. யாரோ சிரித்தார்கள். அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். மாதாவே என்று ஒரு சொல் வந்தது. மேலே என்ன கேட்பது என்று தெரியவில்லை.

எதிர்ப்பக்கம் ஒரு கை விளிம்பைப் பிடித்தது. ராகேல். ஏழு வருடம் ஒரே டெம்போவில் போய் வந்தும் ஒரு சொல் பேசாதவள். தன்னுடைய சருவத்தை டெம்போவில் வைத்துவிட்டுத் திரும்பி வந்திருந்தாள்.

“பிடி,” என்றாள்.

இருவரும் சேர்ந்து தூக்கினார்கள். பாரம் வேளாங்கண்ணியின் தலையில் அமர்ந்தது. அன்பு எப்போதும் இனிய முகத்தோடுதான் வரும் என்று நம்புகிறவர்கள் அந்த நேரம் ராகேலின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கொல்ல வந்தவளைப்போல இருந்தாள்.

“ஒம்மவள இண்ணைக்கு அந்தியில வீட்டுக்கு வரச்சொல்லு. அந்தப் பேப்பரையும் கொண்டு வரட்டு. தேயிலையொண்ணும் நான் போட்டுத் தரமாட்டேன்.”

வேளாங்கண்ணிக்குத் தலையாட்ட முடியவில்லை, தலையில் பாரம். சரி என்று வாயால் சொன்னாள். டெம்போவில் ராகேல் அவளுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தாள். மற்ற பெண்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

அதற்குள் ரெஜிஷா வேறொரு வழி யோசித்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்குள் போய் ஆய்வு செய்தால்தான் தலைமையாசிரியர் கையெழுத்து வேண்டும். பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட ஆறு பேரிடம், அவரவர் வீட்டில் வைத்துக் கேட்பதென்றால், அவர்கள் சம்மதம் போதும். ஒரு பள்ளி வென்றதா என்பதை, அது வைத்துக்கொண்ட பிள்ளைகளிடம் மட்டும் கேட்டால் தெரியாது என்று திட்டத்தின் முதல் பத்தியில் எழுதினாள். பேராசிரியையை அழைத்துப் பேசினாள். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, ஆறு பேரில் ஒருவராவது சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் ஏற்றுக்கொள்கிறேன் என்றார்.

அந்திக்குச் சற்று முன், மழை விட்ட நேரத்தில், தாள்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டு இறங்கினாள். யேசுரத்தினம் வாசல் நடையில் நின்றிருந்தார். மதியம் பேரவைச் செயலர் வந்து போயிருந்தார்.

“அந்த வீட்டுல கேறினேன்னா இந்தப் பள்ளிக்கூடத்து வாசல மறந்துரு,” என்றார். “நானும் இனி ஒருத்தன் கால்லயும் போய் விழ மாட்டேன்.”

அவர் கண் சிவந்திருந்தது. ஒன்றரை வருட நடை அவர் முகத்தில் தெரிந்தது. ரெஜிஷாவுக்கு அவரைத் தொட வேண்டும்போல் இருந்தது. தொட்டால் தட்டிவிடுவார் என்று பயந்து, “போய்ட்டு வாறேன்பா” என்றாள். எதிரே பள்ளிக்கூடத்தின் வெளிக்கதவில் பூட்டுத் தொங்கியது. அதைக் கடந்து போனாள். அவர் பின்னால் கூப்பிடவில்லை.

ராகேல் வாசலிலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வைத்திருந்தாள். உட்கார் என்று சொல்லவில்லை. பிரிஜா வேலை முடிந்து வந்து, கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு படியில் இருந்தாள். பக்கத்து வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. ராகேல் அந்தப் பக்கம் பார்த்து, கேட்கிறதுக்கு இருந்தால் இறங்கி வந்து கேளுங்கள் என்றாள். ஜன்னல் சாத்தப்பட்டது.

ரெஜிஷா தாளை எடுத்து மடியில் வைத்து, பேனாவைத் திறந்தாள். முதல் கேள்வியை வாசிக்கத் தொடங்கும்போது ராகேல் கையை நீட்டித் தடுத்தாள்.

“நில்லு. முதல்ல நான் ஒண்ணு கேக்கேன். அதுக்கு நீ பதில் எழுது. எழுதினதுக்குப் பொறவு எம்மவ கையெழுத்துப் போடுவா.”

“கேளுங்க மாமி.”

“அந்த லிஸ்ட்ட எழுதினது ஆரு?”

தெருவில் யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். ரெஜிஷா குனிந்து எழுதினாள். அதிக நேரம் ஆகவில்லை. எழுதி முடித்துத் தாளை நீட்டினாள். ராகேல் அதை வாங்கி, தலைகீழாகப் பிடித்திருக்கிறோமா என்று ஒருதரம் பார்த்துவிட்டு, மகளிடம் கொடுத்தாள்.

“வாசி.”

பிரிஜா எண்ணெய்க் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, தாளை விளிம்பில் மட்டும் பிடித்து, நிதானமாக வாசித்தாள்.

“வகுப்புத் தலைவி, யே. ரெஜிஷா.”

ராகேல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ரெஜிஷாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“இனி நீ கேளு,” என்றாள்.